உகாவின் இலையும் இனமும்

விழாத் தலைவர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அருகருகே அமர்ந்து மேடைக்குச் சிறப்புச் சேர்க்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாணவரை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, கடலோரத் தாய்மார்களே, வணக்கம்.

நம் இராமநாதபுரக் கரையில் ஆண்டு முழுதும் பச்சை மாறாமல் நிற்கும், மிஸ்வாக் என்னும் பல்குச்சி தரும் உகா மரத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அதன் இலை, அதன் மரபணு, அதனால் வரக்கூடிய வருவாய். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பதை எதையும் முடிக்காதவனைக் கேலி செய்யவே ஊரில் சொல்வார்கள். நான் எந்த மேடையிலும் அதைப் பாராட்டாகவே சொல்லி வருகிறேன்.

உப்பு ஏற ஏற உகாவின் இலை தடித்துச் சதைப்பற்றாகிறது. உள்ளே நீரைத் தேக்கி உப்பின் கடுமையைத் தணித்துக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு அது. ஆகவே வாலிநோக்கம் உப்பளப் பக்கத்துச் செடிக்கும் கண்மாய்க் கரைச் செடிக்கும் இலை வேறுபட்டால், அது மண் தந்ததா, தாய்மரம் தந்ததா என்று இலையை அளந்து மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டின் விதையையும் ஒரே பாத்தியில், ஒரே தண்ணீரில் வளர்த்த பிறகும் இலை வேறாகவே வருமானால், அது பிறவிக் குணம்.

மரபணுவுக்கு வருகிறேன். உகா வேரிலிருந்தும் தளிர்ப்பதால், தோப்பாகத் தெரிவது ஒரே செடியாகவும் இருக்கலாம். பறவைகள் பழத்தைத் தின்று விதையைச் சுமப்பதால், தொலைதூரத்துப் புதர்கள் உடன்பிறப்புகளாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த உறவை டி.என்.ஏ. சோதனைதான் காட்டும்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சீமைக் கருவேலை அகற்றும்படி உயர் நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டிருந்த காலம். ஒரு கரையோர ஊரில் இயந்திரம் கருவேலோடு உகாவையும் சேர்த்து வாரப் போனது. ஒரு மூதாட்டி குறுக்கே வந்து நின்றார்.

“ஏ தம்பி, அது கருவ இல்லப்பா, உகா!”

“ரெண்டும் பச்சையாத்தானே ஆத்தா இருக்கு?”

“பல்லு இருக்குல்ல? இதக் கடி.”

குச்சியை ஒடித்துக் கொடுத்தார். ஓட்டுநர் கடித்தார், கடுகின் காரம் நாக்கில் ஏற, “உறைக்குதே ஆத்தா!” என்றார். “கருவயக் கடிச்சா உறைக்காது, முள்ளுதான் குத்தும்” என்றார் ஆத்தா. மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்று கத்திக்கொண்டு வந்த ஒப்பந்தக்காரருக்கும் ஒரு குச்சி கிடைத்தது. மூவரும் பல் துலக்கியபடி நிற்க, இயந்திரம் சும்மா நின்றது! பல மரம் கண்டவர் அந்த ஆத்தா. ஒரு மரத்தையும் வெட்டவிடவில்லை.

வெட்டினால் என்ன, நாற்றங்காலிலிருந்து ஆயிரம் கன்று தருகிறோம் என்கிறார்கள். அந்த ஆயிரமும் ஒரே தாய்மரத்தின் குச்சியில் வேர்விட்டவையானால், அவை ஆயிரம் அல்ல, ஒன்றுதான். ஒரு நோய்க்கு அந்த ஒன்று தோற்றால் ஆயிரமும் தோற்கும். உப்பைத் தாங்கும் குணம் எந்தப் புதரில் பிறவியாக இருக்கிறது என்று அறியுமுன்னே புதரை அழிப்பது, படிக்காத ஏட்டை எரிப்பதாகும். எனவே ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே வேண்டுகிறேன்: கருவேல் அகற்றும் பணி எங்கு தொடங்கினாலும், முதல் நாள் உகாவை அடையாளம் கண்டு சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகே இயந்திரத்தை உள்ளே விட வேண்டும்.

வருவாயைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்; விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உகா பழுக்கும்போது ஒவ்வொரு புதரின் விதையையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஊர்ப் பெயரையும், அந்த இடம் உப்பளமா, மணல்மேடா, கண்மாய்க் கரையா என்பதையும் மேலே எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். விதைகளைக் கலந்துவிடாதீர்கள்.