சிம்மில் வைத்த அடுப்பு

(திருப்பூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: மாதச் செலவை ஏற்றுவது எங்கோ நடக்கும் போரா, இங்கே போடும் திட்டமா? 'இங்கே போடும் திட்டமே' அணியில் பேசியது.)

நடுவர் ஐயா, ரெண்டு அணித் தோழர்கள், விழாக் குழு, வேலை முடிஞ்சு நேரா வந்து உட்கார்ந்திருக்கிற திருப்பூர் ஜனங்க, எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க, விஷயத்துக்கு வந்துடறேன்.

எழுதிக் கொண்டுவந்த தாளை மடிச்சு வச்சுட்டேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு. "அடுப்பை சிம்ல வைக்கத் தெரிஞ்ச வீட்டுல சிலிண்டர் விலை உறைக்காது. நீங்க அடுப்பைச் சரியா பாருங்க, உக்ரைனை ரஷ்யா பாத்துக்கும்"னாரு. நல்ல கைதட்டல். இடது பக்கம், ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற பக்கம் சத்தம் கொஞ்சம் கூடவே வந்துச்சு. வலது பக்கம் பார்த்தேன். ஒரு அம்மா கூட கை தட்டலை. அவங்களுக்காக முதல்ல இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் போருக்குப் போறேன்.

அண்ணா, சிம்ல வைக்கிறதைப் பத்தி எங்கம்மாகிட்ட யாரும் பேசக் கூடாது. எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங். லைன் வீடு. ஒத்த சிலிண்டர் கனெக்‌ஷன். புது சிலிண்டர் மாட்டுற அன்னிக்கு அம்மா ஒரு வேலை செய்வாங்க. சுவத்துல தொங்குற தினக் காலண்டர்ல அன்னைய தேதிச் சீட்டைக் கிழிச்சு, மளிகைக் கடையில பில்லு குத்தி வைக்கிற மாதிரி ஒரு கம்பி, அதுல குத்தி வைப்பாங்க. சிலிண்டர் தீர்ந்ததும் அந்தச் சீட்டைத் திருப்பிப் பின்னாடி எண்ணிக்கையை எழுதுவாங்க. 47 நாள். 51 நாள். 54 நாள். வீட்டுல நாலு பேரு. ரெண்டு வேளை அடுப்பு. அரிசியை ஊற வச்சுத்தான் உலை. பருப்பு குக்கர்ல ஏறுனா மேலேயே இன்னொரு டப்பாவுல கிழங்கு ஏறும். குக்கர் நாலாவது விசில் விட்டா ரோட்டுல இருந்தே கத்துவாங்க, "கண்ணு, மூணுக்கு மேல விடாத!"

எங்கம்மாவுக்கு வாழ்க்கையில ஒரு லட்சியம் இருந்துச்சு. அறுபது நாள். ஒரு சிலிண்டரை அறுபது நாள் ஓட்டணும்.

2021 ஆகஸ்ட் 17 ஒரு சிலிண்டர் மாட்டினாங்க. அது ஓடுது. 50 தாண்டுச்சு. 55 தாண்டுச்சு. 57ஆவது நாள் நெருப்பு நீலத்துல இருந்து மஞ்சளுக்கு வந்துச்சு. அம்மா சிலிண்டரைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தாங்க. "கிடக்குது கண்ணு, இன்னும் கொஞ்சம் கிடக்குது"ன்னாங்க. 58 ஓடுச்சு. 59ஆவது நாள். என்ன நாள் தெரியுமா? அக்டோபர் 14, ஆயுத பூஜை. கம்பெனியில பூஜை முடிச்சு, பொரிப் பொட்டலத்தோட வந்து அப்பாடான்னு உட்கார்ந்தாங்க. ஏழு மணிக்கு வாசல்ல ஒரு குரல். "அக்கா!" தாராபுரத்துல இருந்து மாமா, அத்தை, மாமா பையன். மாமா பையன் அப்போ பிளஸ் டூ. வளர்ற வயசு. நல்லா சாப்பிடுவான்.

அம்மா அடுப்படிக்குள்ள போனாங்க. மாவு இருக்குது. சட்னி இருக்குது. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். முதல் தோசை வந்துச்சு. மாமாவுக்கு. ரெண்டாவது அத்தைக்கு. மூணாவது பையனுக்கு. நாலாவதும் பையனுக்கு. அம்மா ஒரு கையில தோசைக் கரண்டி, இன்னொரு கையால சிலிண்டரைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்காங்க. செய்யக் கூடாதுதான், ஆபத்துதான். அன்னிக்கு அதைச் சொல்ற நிலைமையில யாரும் இல்லை. அஞ்சாவது தோசை, பையனுக்கு. அத்தை கேக்குறாங்க, "ஏங்க்கா, தோசை ஒண்ணு வர இவ்வளவு நேரமாகுது?" அம்மா உள்ளே இருந்து சொல்றாங்க, "சிம்ல வச்சுச் சுட்டாத்தான் முறுகலா வரும்!"

ஆறாவது தோசை போய்ச் சேர்ந்துச்சு. ஏழாவது தோசையைக் கல்லுல ஊத்தினாங்க. இழுத்தாங்க. எண்ணெய் விட்டாங்க. பொப்புனு ஒரு சத்தம். நெருப்பு போச்சு.

மேல வெள்ளை மாவு, கீழ பாதி வெந்தது. வெளியில தம்பி மகன் தட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அம்மா யோசிக்கவே இல்லைங்க. முந்தானையைச் சுருட்டிக் கல்லைப் பிடிச்சாங்க. தோசையோட கல்லைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா, நாலு வீடு தாண்டி, மாரியக்கா வீட்டுக்கு ஓடுறாங்க. தோசைக்கல்லு, மேல தோசை, கீழ எங்கம்மா! மாரியக்கா வீட்டு அடுப்புல வச்சு, திருப்பிப் போட்டு, திரும்ப அதே ஓட்டம் ஓடி வந்து, மூச்சு வாங்குறதை மறைச்சு, "இந்தா சாமி, சூடா இருக்குது"ன்னு தட்டுல போட்டாங்க. மாமா பையன் நிமிர்ந்து பாத்துச் சொன்னான், "அத்தை, இன்னும் ஒண்ணு!"

எத்தனாவது நாள்? சொல்லுங்க... 59!

அவங்க கிளம்பினதும் அம்மா அழுதாங்க. தோசை பத்தலைன்னு இல்லை. அறுபது வராமப் போச்சேன்னு. சீட்டைத் திருப்பி 59னு எழுதிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அண்ணா, இவங்களுக்கா சிம்ல வைக்கத் தெரியாது?

இப்போ கணக்குக்கு வாங்க. இந்தக் கணக்கைத்தான் எதிரணி சொல்லாம விட்டாங்க. 50 நாளைக்கு ஒரு சிலிண்டர்னா வருஷத்துக்கு ஏழு சொச்சம். 60 நாளைக்கு ஒண்ணுன்னா ஆறு. எங்கம்மா உயிரைக் கொடுத்து மிச்சம் பண்ணுனது வருஷத்துக்கு ஒரு சிலிண்டரும் சொச்சமும். அன்னைய விலையில ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். சரி. 2020 நவம்பர்ல சென்னையில வீட்டு சிலிண்டர் 610 ரூபாய். 2021 அக்டோபர் 6 அன்னிக்கு 915 ரூபாய் 50 காசு. நம்ம ஊர்ல கொஞ்சம் முன்ன பின்ன. வித்தியாசம் 305 ரூபாய் 50 காசு. ஆறு சிலிண்டருக்கு 1,833 ரூபாய். ஒரு வருஷம் பூரா ஒரு பொம்பளை சிம்ல வச்சுச் சேத்தது ஆயிரம். ஒரே வருஷ விலையேத்தத்துல போனது 1,833. நாங்க அடுப்பைச் சரியாத்தாங்கண்ணா பாத்தோம்.

உக்ரைன் போர் எப்போ ஆரம்பிச்சுது? 2022 பிப்ரவரி 24. எங்கம்மா தோசைக்கல்லோட ஓடுனது அதுக்கு நாலு மாசம் முன்னாடி!

"சர்வதேச விலை ஏறுச்சு, அதான் ஏறுச்சு"ம்பாங்க. ஏறுச்சு, மறுக்கலை. ஆனா அதுக்கு முந்தி வரைக்கும் அந்த ஏத்தத்துல ஒரு பங்கை மானியமா அரசாங்கம் தாங்குச்சு. 2015ல இருந்து நேரா பேங்க்ல ஏறும். 2020 மே மாசம் விலை இறங்குனப்போ மானியத்துக்குத் தேவை இல்லைன்னு நின்னுச்சு. நியாயம். விலை திரும்ப ஏறுனப்போ எங்க மாதிரி சாதாரண கனெக்‌ஷனுக்கு அது திரும்பி வரலை. எங்கம்மா ரொம்ப நாள் என்னை பேங்குக்கு அனுப்புவாங்க. "பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு வா கண்ணு, கேஸ் பணம் ஏறியிருக்கான்னு பாரு." எத்தனை தடவை அந்த மிஷின் முன்னாடி நின்னிருக்கேன். மானியத்தை நிறுத்துனது போர் இல்லை. திட்டம்.

அடுத்ததைக் கேளுங்க. 2023 மார்ச்ல அதே சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில 200 ரூபாய் குறைஞ்சுது. 2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்னிக்கு இன்னொரு 100 குறைச்சு அறிவிச்சாங்க. சந்தோஷம். அன்னிக்கு உக்ரைன்ல போர் நின்னுருச்சா? இல்லை. காஸாவுல அஞ்சு மாசமா குண்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. செங்கடல்ல கப்பலை அடிக்கிறாங்கன்னு சரக்குக் கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு. ஒண்ணுக்கு ரெண்டு போர் நடக்கும்போது விலை எப்படி இறங்குச்சு? அடுத்த மாசம் நாடாளுமன்றத் தேர்தல். நான் கட்சி பேச வரலை ஐயா, தேதியைச் சொல்றேன். ஏத்தவும் இறக்கவும் சாவி யார் கையில இருக்குன்னு அந்தத் தேதி சொல்லுது.

பெட்ரோலும் அதே கதைதான். 2021 நவம்பர் 4ல இருந்து 137 நாள் விலை அசையவே இல்லை. நடுவுல போரே வந்துருச்சு, அப்பவும் அசையலை. மார்ச் 10 அஞ்சு மாநிலத் தேர்தல் முடிவு வந்துச்சு. மார்ச் 22 ஏற ஆரம்பிச்சுது, 16 நாள்ல பத்து ரூபாய்க்குக் கிட்ட. இன்னும் பின்னாடி போங்க. 2020 ஏப்ரல்ல கொரோனாவுல உலகமே முடங்கி கச்சா எண்ணெய் வாங்க ஆள் இல்லை. மே மாசம் என்ன செஞ்சாங்க? பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரி ஏத்துனாங்க. உலகத்துல இறங்குனது நம்ம பைக்குக்கு வந்து சேரலை. 2025 ஏப்ரல்லயும் கச்சா எண்ணெய் நாலு வருஷத்துல இல்லாத அளவுக்கு இறங்குச்சு. அதே வாரம் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறுச்சு. டெல்லியை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க, மாநில வரியும் அதே லிட்டருக்குள்ளதான் இருக்குது. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைச்சாங்க. மனசு வச்சா முடியுது பாருங்க.

எதிரணித் தங்கச்சி சூரியகாந்தி எண்ணெயைச் சொன்னாங்க. உக்ரைன்ல இருந்து வர்றது நின்னதும் ஏறுச்சு, அது உண்மை. அதை ஒத்துக்கிறேன். ஆனா 2024 செப்டம்பர்ல, தீபாவளிக்கு ஒன்றரை மாசம் முன்னாடி, கச்சா சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி 5.5 சதவீதத்துல இருந்து 27.5 ஆச்சே? எண்ணெய் வித்து விவசாயிக்காகன்னு காரணம் சொன்னாங்க. இருக்கட்டும். முறுக்கு சுட்டவங்களுக்கு அந்த வருஷம் ஏறுனது எந்தப் போர்?

நம்ம ஊர் அரிசிக் கடையில 26 கிலோ மூட்டை இருக்குதே, உலகத்துல எங்கேயாச்சும் 26 கிலோன்னு ஒரு அளவு உண்டா? 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் உள்ள பேக்கிங் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதுக்காக வியாபாரி ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டினாரு. அந்த ஒரு கிலோ அரிசி ரஷ்யாவுல இருந்து வரலை.

திருப்பூர் பனியனுக்கு 2025ல அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியையும் சொன்னாங்க. எத்தனை கம்பெனியில ஷிப்ட்டு குறைஞ்சுதுன்னு இங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் ஒரு அரசாங்கம் கையெழுத்துப் போட்ட உத்தரவுதாங்க. வேற ஊர்ல போட்ட திட்டம், அவ்வளவுதான்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா. ஒரு நிமிஷம் கொடுங்க.

போர்தான் காரணம், போர்தான் காரணம்னு இத்தனை தடவை சொன்னீங்களே, எனக்கு மனசு கேக்கலை. ஒருநாள் டிவி செய்தியில காஸாவுல குழந்தைங்க வெறும் பாத்திரத்தை நீட்டிக்கிட்டு கஞ்சிக்கு வரிசையில நிக்கிறதைக் காட்டினாங்க. ஒரு சின்னப் பொண்ணு, அலுமினியச் சட்டி, விளிம்பு நசுங்கியிருந்துச்சு. எங்கம்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும் கண்ணு?"ன்னு கேட்டாங்க. வேற எதுவும் பேசலை. அந்தப் புள்ளைங்க மேலயா அண்ணா நம்ம கேஸ் பில்லை எழுதறது? வீடு போய், அப்பா அம்மா போய் நிக்கிறவங்க நமக்கு எந்த விலையும் ஏத்தலை.

கடைசியா ஒண்ணு. அந்தக் கம்பியைக் கையோட கொண்டு வந்திருக்கேன். இதுதான். இதுல ஒரே ஒரு சீட்டுல மட்டும் எண்ணுக்கு வட்டம் போட்டிருக்கும். 2023, கோடைக்காலம். சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு வித்த நேரம். பின்னாடி 61னு எழுதியிருக்காங்க. அறுபது வந்துருச்சு. லட்சியம் நிறைவேறிருச்சு.

அந்த 61 எப்படி வந்துச்சுன்னு எனக்கு மட்டும் தெரியும். நான் அப்போ கோயம்புத்தூர்ல வேலை, தம்பி ஹாஸ்டல்ல, அப்பாவுக்கு நைட் ஷிப்ட்டு. ஒரு புதன்கிழமை ராத்திரி சொல்லாம வந்து நின்னேன். அடுப்படியில லைட்டு கூடப் போடலை. அம்மா கீழ உட்கார்ந்திருந்தாங்க. கிண்ணத்துல காலையில வடிச்ச சோறு, தண்ணி ஊத்தினது. பக்கத்துல நாலு சின்ன வெங்காயம். "என்னம்மா இது?"ன்னேன். "வெயிலுக்குக் குளுமை கண்ணு"ன்னாங்க. எத்தனை நாளா இந்தக் குளுமைன்னு கேட்டேன், பதில் இல்லை. அடுப்பு மேல கை வச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு.

இந்தக் கம்பியை உங்க மேஜையில வைக்கிறேன் நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுற வரைக்கும் இருக்கட்டும். அண்ணா, எங்கம்மா அடுப்பு சிம்ல இல்லைங்க. அணைஞ்சு கிடந்துச்சு.

வணக்கம்.