எடை இறங்கும்போது மூளை போடும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மகளிர் நல மருத்துவராகப் பணிபுரியும் என்னை, இளம்பெண்களின் உடல்நலம் பற்றிப் பேச நிலையத்தார் அழைத்தபோது, தலைப்பைத் தேட எனக்கு நேரம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு நான்கைந்து மாதம் இருக்கையில் சோற்றை அறவே விட்டுவிட்டு, காலையில் உடம்பு இளைக்கக் குடிக்கும் காப்பியும் இரவில் இரண்டு பிஸ்கட்டுமாக நாளைக் கடத்தி, பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கிய பிறகு, மாதவிடாய் நின்றுபோய்விட்டதே, கர்ப்பப்பையில் கட்டியாக இருக்குமோ என்று பதறி வரும் பெண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். உடன் வரும் தாய், மகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பது வேறொன்று: யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா?

கர்ப்பம், தைராய்டுக் கோளாறு, சூலகக் கோளாறு போன்றவை இல்லை என்று சோதித்து உறுதி செய்த பின், இப்பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பையும் சூலகமும் நலமாகவே இருப்பதைக் காண்கிறோம். நிறுத்தி வைத்திருப்பது மூளை. இலை உதிரும் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் குறைந்தால், தோட்டத்தில் யாரும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் குறை சொல்வதில்லை அல்லவா?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோன், மாதச் சுழற்சியின் முற்பகுதியில் ஏறத்தாழ ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, துடிப்புத் துடிப்பாக வெளிப்படுகிறது. அத்துடிப்பைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் அனுப்புகிறது. அவை சென்று சேர்ந்தால்தான் சூலகத்தில் முட்டை முதிர்ந்து, ஈஸ்ட்ரோஜனும் பின்னர் புரோஜெஸ்டிரோனும் சுரக்கும். இதில் இடைவெளியே உயிர்நாடி. எர்ன்ஸ்ட் நோபில் என்ற அறிவியலாளர் 1970களின் இறுதியில் குரங்குகளில் இதைக் காட்டினார்: அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி அடங்கிப்போயிற்று, மணிக்கொரு முறை செலுத்தியபோது மீண்டும் வேலை செய்தது.

இத்துடிப்பைத் தொடர்வதா, தளர்த்துவதா என்று மூளை எப்படி முடிவு செய்கிறது? 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. கொழுப்புக் கரைந்தால் அது குறையும். பட்டினி கிடந்தால், கொழுப்புக் கரைவதற்கு முன்பே சட்டென்று சரியும். லெப்டின், இன்சுலின் ஆகியவை தாழ்ந்து, பசியைத் தூண்டும் கிரெலினும் நெருக்கடிக் காலத்துக் கார்டிசாலும் ஏறும்போது, கிஸ்பெப்டின் என்னும் புரதம் தரும் உந்துதல் தளர்ந்து, ஜி.என்.ஆர்.எச். துடிப்பும் தளர்கிறது. (அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில் கண்டறியப்பட்டதால், அவ்வூரின் ‘கிஸ்’ சாக்லேட்டின் பெயரையே இப்புரதத்துக்குச் சூட்டினார்கள்; பட்டினியில் ஒடுங்கும் ஒன்றுக்கு இனிப்பின் பெயர் வாய்த்திருக்கிறது.) கடுமையாக மெலிந்தவர்களில் எல்.எச். சுரக்கும் விதமே பூப்படையாத சிறுமியின் விதத்துக்குத் திரும்பிவிடுவது உண்டு. உடலுக்கு இப்போது ஒரு பிள்ளையைச் சுமக்கும் வசதி இல்லை என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது.

எடை இயல்பாக இருப்பவருக்கும் இது நேரலாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடற்பயிற்சியில் செலவானது போக எஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால், ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு குலைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்களும் தப்புவதில்லை. 1944இல் தொடங்கிய மின்னசோட்டா பட்டினி ஆய்வில், 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து தம் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அவர்களுக்குக் காம இச்சையே அற்றுப்போயிற்று.

இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன பின் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைத் தள்ளிய பெண்களுக்குத் தூரமே நின்றிருந்தது என்று என் பாட்டி சொல்வார். அதே போரில் ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமில் அடைபட்டிருந்த பெண்கள் பலருக்கும் மாதவிடாய் நின்றதை, உடன் இருந்த மருத்துவர் 1946இல் பதிவு செய்தார். பாட்டிக்கு அரிசி கிடைக்கவில்லை. பேத்தியோ சட்டி நிறையச் சோறு இருக்க ஒதுக்குகிறாள். ஹைப்போதலாமஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மாதா மாதம் வரும் தொல்லை ஒழிந்ததே என்று இதை விட்டுவிடலாகாது. ஈஸ்ட்ரோஜன் குன்றியிருக்கும் ஒவ்வொரு மாதமும் எலும்பு தேய்கிறது; அதிலும் எலும்பு உரம் ஏறும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இழந்ததை முழுமையாக மீட்பது அரிது. கருத்தடை மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவழைக்கலாம்தான். அது மாத்திரையால் வந்த இரத்தமே ஒழிய, மூளை மனம் மாறியதற்கு அடையாளம் அன்று. எலும்பையும் அது காப்பதில்லை. மாதவிடாயை வரவழைப்பதற்காக மட்டும் அம்மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்றே ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. மருந்து சோறுதான்: வேளை தவறாத உணவு, குறைக்கப்பட்ட உடற்பயிற்சி, இழந்த எடையின் மீட்பு. உண்ணவே அஞ்சும் பெண்ணுக்கு மனநல மருத்துவரின் துணையும் வேண்டும். அதை அவமானமாகக் கருதும் பெற்றோரிடம்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், கடைசியாக வந்த தேதியையும் அப்போதிருந்த எடையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிக்கும் காப்பிப் பொட்டலத்தையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். உடல் தேறும்போது, முதல் மாதவிடாய்க்கு முன்பாகவே முட்டை வெளிப்பட்டுவிடக்கூடும். மாதவிடாய்தான் வரவில்லையே என்று கவனக்குறைவாக இருந்த மணப்பெண்கள் சிலர், அடுத்த முறை என் அறைக்கு வந்தபோது அவர்கள் கையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகம் இருந்தது.