டிரான்சிஸ்டர்களின் இரவு

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பெயினைப் பற்றிப் பேச வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். வானொலியிலிருந்தே தொடங்குகிறேன்.

1981 பிப்ரவரி 23, மாலை 6.23. மாட்ரிட் நாடாளுமன்றத்தில் புதிய பிரதமருக்கான வாக்கெடுப்பு. உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வருகிறது. கேட்பவருக்குக் கொட்டாவி வரும் நேரடி ஒலிபரப்பு. திடீரென்று கூச்சல். ‘யாரும் அசையாதீர்கள்!’ அடுத்துத் துப்பாக்கிகள் படபடவென்று வெடிக்கின்றன. லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ, சிவில் கார்டு என்ற துணை ராணுவக் காவல் படையினர் சுமார் 200 பேரோடு அவைக்குள் புகுந்துவிட்டார். கூரையை நோக்கிச் சுடுகிறார்கள். அதே மாலை, வாலென்சியா நகரத் தெருக்களில் பீரங்கி வண்டிகள். ஆட்சியைக் கவிழ்க்கும் ராணுவ முயற்சி இது.

உள்ளே கேமராக்கள் படம் பிடித்தன. ஆனால் அந்தக் காட்சியை மக்கள் பார்த்தது மறுநாள்தான். அன்று இரவு வானொலிதான் துணை. அதனால்தான் ஸ்பானியர்கள் அதை ‘டிரான்சிஸ்டர்களின் இரவு’ என்கிறார்கள். நள்ளிரவு கடந்து, ஒரு மணிக்கும் மேலே, அரசர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, அரசமைப்பைக் காக்கப் படைகளுக்கு உத்தரவிட்டிருப்பதாகச் சொன்ன பிறகே நாடு மூச்சுவிட்டது.

சர்வாதிகாரி பிராங்கோ இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கான மாற்றத்தை நடத்திய பிரதமர் அடோல்ஃபோ சுவாரெஸ், பிராங்கோவின் ஒரே கட்சியில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். 1976 நவம்பரில் பிராங்கோ கால அவையையே அவர் தன்னைக் கலைத்துக்கொள்ள வைத்தார்: ஆதரவு 425, எதிர்ப்பு 59. உட்கார்ந்திருந்த கிளையை அவர்களே வெட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, புனித வாரத்தின் சனிக்கிழமையன்று, ஊரெல்லாம் விடுமுறையில் இருந்தபோது கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை நீங்கியது. அதை எதிர்த்துக் கடற்படை அமைச்சர் ராஜினாமா செய்தார். நாள் பார்த்துச் செய்தும் பலனில்லை!

இந்த மாற்றத்தைப் பலர் பெருந்தன்மையின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் ராணுவத்துக்கென்று போட்டே இருந்தது. 1977 அக்டோபரின் பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களும் எதிர்க்கட்சியினரே. அதே சட்டம், ஒடுக்குமுறை செய்த அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்றிவிட்டது. பிராங்கோவை ஆட்சிக்குக் கொண்டுவந்த உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்டுச் சாலையோரக் குழிகளில் புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எலும்புகளைத் தேடித் தோண்டத் தொடங்கியபோது 2000ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. பிராங்கோவின் உடலோ அரசு எழுப்பிய மாபெரும் நினைவிடத்தில் 2019 வரை கிடந்தது.

தெஹேரோவின் ஆட்கள் சுட்ட குண்டுத் துளைகளை அவையின் கூரையில் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். 2013இல் கூரையைப் பழுதுபார்த்தபோது அவற்றில் சில பூசி மறைக்கப்பட்டுவிட்டன. ‘யாரைக் கேட்டுப் பூசினீர்கள்?’ என்று பெரிய சர்ச்சை எழுந்தது.