சந்தேகங்களுக்கு விளக்கம்: ‘சோலாரிஸ்’ நாவலின் கடல் படத்தில் எங்கே போயிற்று?

வணக்கம். அறிவியல் புனைகதை நாவல்களையும் அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட திரைப்படங்களையும் பற்றிப் பேசிய சென்ற பகுதிக்குப் பின் வந்த கேள்விகளில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். “தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் ஸ்தனிஸ்லாவ் லெம்மின் நாவலைப் படித்தேன். கதையும் பாத்திரங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் இரண்டும் வேறு வேறு படைப்புகளாகத் தோன்றுவது ஏன்? இயக்குநர் நாவலைச் சிதைத்துவிட்டார் என்று சொல்லலாமா? புதிதாக வருகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது நல்லது?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இரண்டையும் அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கூற இயலாது என்பதால், அது வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நாவல் 1961-இல் போலந்தில் வெளிவந்தது. சோலாரிஸ் என்பது இரண்டு சூரியன்களைக் கொண்ட ஒரு கோள். அதை மூடியிருக்கும் கடல் ஓர் உயிர் என்று கருதப்படுகிறது. ஆனால் அது சிந்திக்கிறதா, சிந்தித்தால் எதைச் சிந்திக்கிறது என்பது தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தும் மனிதர்களுக்குப் பிடிபடவில்லை. கடலுக்கு மேலே உள்ள ஆய்வு நிலையத்துக்கு வந்து சேரும் கெல்வின் என்ற உளவியலாளன் தூங்கி விழிக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவனுடைய துணைவி ஹாரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவன் நினைவில் இருந்ததைக் கொண்டு கடல் அவளை உருவாக்கியிருக்கிறது.

1972-இல் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படம் இந்தக் கதைக்கு உண்மையாக இல்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஒரு சிறிய காட்சியைப் பாருங்கள். ஹாரியின் உடையைக் கழற்ற முற்படும்போது, அதைத் திறக்க வழியே இல்லை என்பது தெரிய வருகிறது. நாவலில் அந்த உடையில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கின்றன, ஆனால் அவை வெறும் அலங்காரம். படத்தில் முதுகுப்புறம் நாடா கோத்திருக்கிறது, ஆனால் அதை அவிழ்த்தாலும் உடை திறப்பதில்லை. இரண்டிலும் உடையை வெட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. கெல்வினின் நினைவில் உடையின் தோற்றம் மட்டுமே பதிந்திருந்தது, அது எப்படித் தைக்கப்பட்டது என்பதை அவன் ஒருபோதும் கவனித்ததில்லை, ஆகவே கடலாலும் அதைத் தர முடியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இவ்வளவு நுணுக்கமான ஒன்றைக் கைவிடாமல் கொண்டுவந்த இயக்குநர், ஹாரி திரவ ஆக்சிஜனைக் குடித்து இறந்து, பின் உடல் துடிதுடித்து மீண்டும் உயிர் பெறுவதையும் கண்ணெடுக்க முடியாதபடி காட்டியிருக்கிறார்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நூலகத்தில் இருக்கிறது என்பேன். நாவலில் கெல்வின் அடிக்கடி நிலையத்தின் நூலகத்துக்குப் போய்ப் பழைய ஆய்வுகளைப் புரட்டுகிறான். அந்த ஆய்வுத் துறையின் முழு வரலாற்றையும் லெம் இல்லாத நூல்களாக, இல்லாத அறிஞர்களாகக் கற்பனை செய்து நம் முன் அடுக்குகிறார். கடலில் எழும் பேருருவங்களை மைமாய்டு, சிமெட்ரியாட் என்றெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்திய கீஸே என்ற அறிஞர், கடைசியில் அத்தகைய ஒரு சிமெட்ரியாடிலேயே மாண்டுபோகிறார். அந்த விபத்தில் இறந்தவர்கள் 106 பேர். கொள்கைகள் எழுகின்றன, மோதுகின்றன, உதிர்கின்றன. கடல் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. அவசரப்படும் வாசகர்கள் தாண்டிச் சென்றுவிடும் பக்கங்கள் இவை. ஆனால் நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது: மனித அறிவு தன் எல்லையில் போய் முட்டி நிற்கும் காட்சியை, ஓர் ஆய்வுத் துறையின் வரலாறாகவே எழுதிக் காட்டிவிட்டார் லெம்.

படத்திலும் நூலகம் வருகிறது. அங்கே மெழுகுவர்த்திகள் எரிகின்றன. சுவரில் ப்ரூகலின் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியம் இருக்கிறது. அதன் மரங்களின் மீதும் பறவைகளின் மீதும் கேமரா மெல்ல ஊர்ந்து செல்கிறது. பிறகு நிலையத்தில் சிறிது நேரம் எடையின்மை ஏற்பட, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசை ஒலிக்க, கெல்வினும் ஹாரியும் தரையிலிருந்து எழுந்து மிதக்கிறார்கள். நாவலின் நூலகத்தில் கடலைப் பற்றிய நூல்கள்; படத்தின் நூலகத்தில் பூமியைப் பற்றிய ஏக்கம். இதைத் திரை ஊடகத்தின் இயலாமை என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் நாவலில் வெறும் ஆவணமாக வரும் பெர்ட்டன் என்ற விமானியின் வாக்குமூலத்தை, அவரையே கெல்வினின் தந்தை வீட்டுக்கு வரவழைத்து, உயிருள்ள காட்சியாக மாற்றத் தார்க்கோவ்ஸ்கிக்குத் தெரிந்திருந்தது. மற்ற ஆவணங்கள் அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

முடிவுகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். நாவலில் கெல்வின் முதன்முறையாகக் கடலோரம் இறங்கிக் கையை நீட்டுகிறான். அலை எழுந்து வந்து, இடையில் மெல்லிய காற்றுப் படலம் விட்டு, தொடாமலே அவன் கையைச் சூழ்ந்துகொள்கிறது. சற்று நேரத்தில் கடலுக்கு ஆர்வம் போய்விடுகிறது. படத்தில் அவன் தன் தந்தையின் வீட்டுக்குத் திரும்புகிறான். வீட்டுக்குள்ளேயே நீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வரும் தந்தையின் முன் மண்டியிடுகிறான். கேமரா மேலே மேலே எழும்போது, அந்த வீடு கடலின் நடுவே உருவான ஒரு தீவில் இருப்பதைக் காண்கிறோம். லெம் விடை சொல்ல மறுத்த கேள்விக்குத் தார்க்கோவ்ஸ்கி மன்னிப்பு என்ற விடையைத் தந்துவிட்டார். மிகச் சிறந்த திரைப்படக் காட்சி அது. எனினும் கடலை மனிதனுக்காகவே இயங்கும் ஒன்றாக அது சுருக்கிவிடுகிறது என்பதால், இந்த ஓர் இடத்தில் நான் லெம்மின் பக்கமே நிற்பேன்.

லெம்முக்கும் கோபம் இருந்தது. மாஸ்கோவில் இயக்குநரோடு நேரில் விவாதித்துப் பார்த்த அவர், தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் என்று பிற்காலத்தில் குறைபட்டார். 2002-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் ஜார்ஜ் குளூனியை வைத்து எடுத்த படம் காதலை மட்டுமே பிடித்துக்கொண்டது. அதில் கடல் ஏறக்குறைய பின்னணி வெளிச்சம் என்பதற்கு மேல் இல்லை.

‘சிதைத்தார்’ என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். எழுத்தாளரும் இயக்குநரும் மனமொத்துப் பணியாற்றிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யிலும்கூட இத்தகைய விலகல் நேர்ந்திருக்கிறது. இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தம் நாவலில் பொறுமையாக விளக்கும் பலவற்றை, அதே 1968-இல் வந்த படத்தில் இயக்குநர் குப்ரிக் ஒரு சொல்லும் இன்றி விட்டுவிட்டார். விண்கலம் போய்ச் சேரும் இடம்கூட நாவலில் சனி, படத்தில் வியாழன். எனவே எந்தக் காட்சி இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போடுவதைக் காட்டிலும், இரு படைப்புகளும் எதைக் கேட்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘சோலாரிஸ்’ விஷயத்தில் நாவல்தான் முதலில். படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு ஹாரியின் முகம் மனதில் பதிந்துவிடுவதால், நூலகப் பக்கங்கள் கதைக்கு இடையூறாகத் தோன்றும் அபாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் பிரெஞ்சு வழியாக வந்த 1970-ஆம் ஆண்டுப் பதிப்பை விட்டுவிட்டு, போலிஷ் மொழியிலிருந்து நேரடியாகப் பில் ஜான்ஸ்டன் மொழிபெயர்த்து 2011-இல் வெளியானதைத் தேடிப் படியுங்கள். படத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். டோக்கியோவின் நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டே இருக்கும் காட்சியை ஓட்டிவிடாமல் பாருங்கள்.