குச்சியின் நிழலிலிருந்து பூமியின் சுற்றளவு வரை: ‘காஸ்மோஸ்’ தொடரும் அதன் தொகுப்பாளரும்

[திரையில்: வெயிலில் நட்டுவைத்த ஒரு குச்சி, அதன் நிழல் மெல்லக் குறுகுகிறது.]

1980 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில், ‘காஸ்மோஸ்’ என்ற அறிவியல் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. விண்மீன் மண்டலங்களையும் கற்பனை விண்கலத்தையும் காட்டிய அந்தப் பகுதியில், பலருக்கு நினைவில் தங்கிய காட்சிக்கு ஆன செலவு மிகக் குறைவு. பழைய எகிப்தின் வரைபடம் வரைந்த ஓர் அட்டையைத் தொகுப்பாளர் கார்ல் சேகன் கையில் எடுக்கிறார். அதில் அலெக்சாந்திரியா இருக்கும் இடத்தில் ஒரு சிறு குச்சி. தெற்கே, இன்றைய அஸ்வானாகிய சயீனி இருக்கும் இடத்தில் இன்னொன்று. கோடையின் ஒரு குறிப்பிட்ட நாளில், நண்பகலில், சயீனியில் குச்சிக்கு நிழல் விழுவதில்லை. அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் விழுகிறது. பூமி தட்டையாக இருந்தால் இது எப்படி நடக்கும் என்று கேட்டுவிட்டு, அவர் அட்டையை மெல்ல வளைக்கிறார்.

[திரையில்: அட்டை வளைய வளைய, ஒரு குச்சியின் நிழல் மட்டும் நீள்கிறது.]

இரு ஊர்களிலும் சூரியக் கதிர் விழும் கோணங்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 7 பாகை. அதாவது முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 800 கிலோமீட்டர். 800-ஐ 50-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் செய்த கணக்கு இது. பள்ளிப் பாடநூலிலும் இது உண்டு. ஆனால் பாடநூலில் விடை முதலில் வந்துவிடும். திரையிலோ, அட்டையை வளைக்கும் அந்த நொடியில், விடையைப் பார்வையாளரே தொகுப்பாளருக்கு அரை வினாடி முன்னதாகக் கண்டுபிடித்துவிடுகிறார். சிறந்த அறிவியல் தொடர்கள் மீது நமக்கு ஏற்படும் ஈர்ப்பின் வேர் அந்த அரை வினாடியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சேகன் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருந்தவர். வெள்ளிக் கோளின் கடும் வெப்பத்துக்கு அதன் வளிமண்டலமே காரணம் என்று ஆராய்ந்தவர். மாரினர், வைக்கிங் விண்கலத் திட்டங்களில் பணியாற்றியவர். ஆன் ட்ரூயன், ஸ்டீவன் சோட்டர் ஆகியோருடன் சேர்ந்து ‘காஸ்மோஸ்’ தொடரின் 13 பகுதிகளையும் எழுதினார்.

கையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அறிவியலைச் சொல்லும் வழக்கம் தொலைக்காட்சியைவிடப் பழையது. லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு வேதியியலை விளக்கினார். அதே மேடையில் 1977-இல் கோள்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவர் சேகன்.

‘காஸ்மோஸ்’ தொடருக்கு நேரடி முன்னோடி என்று சொல்லத்தக்கது, 1973-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘தி அசென்ட் ஆஃப் மேன்’. அதன் தொகுப்பாளர் கணிதவியலாளரான ஜேக்கப் புரோனோவ்ஸ்கி. தயாரிப்பில் பெரும்பங்கு வகித்த ஏட்ரியன் மலோன்தான் பின்னர் ‘காஸ்மோஸ்’ தொடரையும் உருவாக்கினார். ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ தொடரின் ஒரு பகுதியில், புரோனோவ்ஸ்கி அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் உள்ள ஒரு குளத்தின் அருகே நின்று, எரிக்கப்பட்ட மனிதர்களின் சாம்பல் கரைக்கப்பட்ட இடம் அது என்று சொல்கிறார். அவருடைய குடும்பத்தினர் பலரும் அங்கே கொல்லப்பட்டவர்கள். பிறகு, காலணியோடு தண்ணீரில் இறங்கிக் குனிந்து, சேற்றை ஒரு பிடி அள்ளுகிறார். தம் அறிவு மட்டுமே முற்றான உண்மை என்று நம்பத் தொடங்கும் மனிதர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதே அந்தப் பகுதியின் பேச்சு. அதைப் பின்னணிக் குரல் ஒன்று சொல்லியிருந்தால் அது ஒரு கருத்தாக மட்டுமே இருந்திருக்கும். சேறு வழியும் ஒரு கை சொன்னதால் அது சாட்சியம் ஆகிவிட்டது.

[திரையில்: கரும்பு, கோலம், பொங்கல் பானை.]

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ‘காஸ்மோஸ்’ தொடரின் பத்தாவது பகுதி தனி அனுபவம். பிரபஞ்சத்தின் தோற்றத்தையும் முடிவையும் பேசும் அந்தப் பகுதிக்காகப் படக்குழு தென்னிந்தியாவுக்கு வந்தது. வாசலில் போடப்படும் கோலத்தையும், மாலை சூடிய மாடுகளையும், பொங்கல் பானையையும் காட்டி, இயற்கையின் சுழற்சியைக் கொண்டாடும் திருவிழா இது என்று சேகன் விளக்குகிறார்.  அடுத்து பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் ஆடல்வல்லானையும் காட்டி, பிரம்மனின் ஒரு பகலும் இரவும் 864 கோடி ஆண்டுகள் என்ற புராணக் கணக்கைச் சொல்கிறார். இந்தக் கால அளவு இன்றைய வானியலின் அளவோடு ஒத்துப்போவதை வியந்து பாராட்டும் அவர், அதே மூச்சில் அது தற்செயலானது என்பதையும் சொல்லிவிடுகிறார். நடராசர் வடிவத்தில் நவீன வானியலின் முன்னறிகுறியைக் காண்பது தம்முடைய கற்பனை விருப்பம் என்றே குறிப்பிடுகிறார். பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘தற்செயல்’ என்ற சொல்லை வெட்டிவிட்டால், நமக்கு இனிக்கும். ஆனால் அது சேகன் சொன்னது ஆகாது.

பெரிய எண்களைக் கையாள்வதிலும், கண்ணெதிரே ஒரு பொருளைக் காட்டும் வழியைத்தான் அவர் பின்பற்றினார். பிரபஞ்சத்தின் வயதை அன்றைய மதிப்பீட்டின்படி 1,500 கோடி ஆண்டுகள் என்று கொண்டு, அதை ஓர் ஆண்டின் நாட்காட்டியாகச் சுருக்கினார். ஒரு மாதம் 125 கோடி ஆண்டுகள். மனிதர்கள் வருவது டிசம்பர் 31 இரவில். எழுதப்பட்ட வரலாறு முழுவதும் கடைசிச் சில வினாடிகளில். அந்த நாட்காட்டி ஒரு கால்பந்து மைதானம் அளவு இருந்தால், மனித வரலாறு தம் உள்ளங்கை அளவுக்கு மேல் இடம் பிடிக்காது என்று கையை நீட்டிக் காட்டினார். 1,500 கோடியை யாராலும் உணர முடியாது. கையை எல்லோராலும் உணர முடியும்.

ஆனால் எல்லாக் காட்சிகளும் இந்தத் தரத்தில் இல்லை. கற்பனை விண்கலத்தில் அமர்ந்து, திரைக்கு வெளியே எதையோ பார்த்து அவர் புன்னகைத்துக்கொண்டே இருக்கும் காட்சிகள் அன்றே கேலிக்குள்ளாயின. இன்று பார்க்கும்போதும் அவை நீளம்தான். அதைவிட முக்கியமான குறை வரலாற்றில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் பெருநூலகத்தின் அழிவையும், கி.பி. 415-இல் கொல்லப்பட்ட கணித அறிஞர் ஹைபேஷியாவின் முடிவையும் அவர் ஒரே கதையாகப் பின்னினார்; அந்த நூலகம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சிதைந்து தேய்ந்துவிட்டது என்பது வரலாற்றாய்வாளர்களின் கருத்து. குச்சியின் நிழலை நம்மால் சரிபார்க்க முடிந்தது. நூலகத்தின் கதையைச் சரிபார்க்க வழி இல்லாதபோதும், அதே முகமும் குரலும் சொன்னதால் அதே அளவு நம்பினோம். தொகுப்பாளர் மீதுள்ள அன்பு இப்படியும் வேலை செய்யும்.

புகழுக்கு அவர் விலையும் கொடுத்தார். 1992-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக அவருடைய பெயர் முன்மொழியப்பட்டபோது, போதிய ஆதரவு கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் தோன்றுபவர் ஆய்வில் ஆழமற்றவராகத்தான் இருப்பார் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதே கழகம், பொதுநலனுக்கு அறிவியலைப் பயன்படுத்தியமைக்காக அவருக்குப் பதக்கம் வழங்கியது.

இந்தியாவில் இந்த இடத்தை வேறு விதமாக நிரப்பியவர் பேராசிரியர் யஷ்பால். அண்டக்கதிர் இயற்பியலாளரான அவர், 1990-களில் தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயின்ட்’ நிகழ்ச்சியில் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். விண்கலமும் இசையும் அங்கே இல்லை; யாரோ ஒருவருக்குத் தோன்றிய சந்தேகத்தை மதித்து, அதைத் தாமும் முதன்முறையாகக் கேட்பதுபோல் யோசித்துப் பேசும் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். 1995 அக்டோபர் 24 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நேரடி ஒளிபரப்பிலும் அவருடைய குரலே வழிநடத்தியது. கிரகணம் என்றால் கதவடைத்து உள்ளே இருந்து பழகிய வீடுகளில், அன்று அதைத் திரையில் பார்த்தார்கள்.

[திரையில்: கடலோரப் பாறை, அலைகள்.]

2014-இல் ‘காஸ்மோஸ்’ புதிதாக எடுக்கப்பட்டபோது, தொகுப்பாளர் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன். கணினி வரைகலையில் பழைய தொடரைவிடப் பல மடங்கு வளம் மிகுந்த அதன் முதல் பகுதி, கடற்கரைப் பாறை ஒன்றில் அமர்ந்து டைசன் ஒரு பழைய நாட்குறிப்பைப் பிரித்துக் காட்டுவதோடு முடிகிறது. அது சேகனுடையது. 1975 டிசம்பர் 20, சனிக்கிழமை என்ற நாளுக்கு நேராக டைசனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அப்போது அவருக்கு வயது 17. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவர். அவரைக் கார்னெலுக்கு அழைத்து ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டிய சேகன், வருங்கால வானியலாளருக்கு என்று எழுதி ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். மாலையில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும்போது பனி கடுமையாகப் பெய்துகொண்டிருந்தது. தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பேருந்து வராவிட்டால் அழைக்கும்படியும், இரவு தம் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.