இணைப்போடு மூன்று வரிகள்: நண்பர்கள் பாட்டைப் பகிரும்போது எது போய்ச் சேருகிறது?

[காட்சி: கைப்பேசித் திரை. நண்பர் குழு ஒன்றில் வெறும் இணைப்பு ஒன்று வந்து நிற்கிறது. அதன் கீழே பதில் எதுவும் இல்லை.]

வணக்கம். எங்கள் நண்பர் குழுவில் ஒரு தோழி ஓர் இரவு பழைய பாட்டு ஒன்றின் இணைப்பை அனுப்பினாள். எல்லாரும் பார்த்தோம், ஒருவரும் அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவளே அதன் கீழே மூன்று வரிகள் எழுதினாள்: "அப்பா சவரம் செய்யும்போது இந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். இரண்டாம் சரணத்தில் குரல் மேலே போகும் இடம் வந்தால், ரேசரைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தச் சங்கதியைப் பாடி முடித்த பிறகுதான் மறுபடி வைப்பார். பாதி முகத்தில் நுரையோடு அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை நான் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்." அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டோம். எல்லாரும் காத்திருந்தது அந்த ஓர் இடத்துக்காக.

இரவில் கேட்பாரற்றுக் கிடந்த அதே இணைப்பு காலையில் ஏன் எல்லாரையும் இழுத்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் விளக்கப் போகிறேன்.

[காட்சி: முகவரி எழுதிய துண்டுச்சீட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது.]

இணையத்தில் நாம் பாட்டைப் பகிர்கிறோம் என்று சொன்னாலும், பெரும்பாலும் பாட்டை அனுப்புவதில்லை. பாட்டு எங்கோ ஒரு சேவையகத்தில் இருக்கிறது. நம்மிடமிருந்து புறப்படுவது அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. அந்த முகவரியைத் தொட்டு எதிரில் இருப்பவர் பாடகரின் குரலைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாட்டை நாம் எப்போது கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த வரியில் தொண்டை அடைத்தது என்பதெல்லாம் எந்தச் சேவையகத்திலும் இல்லை. அவற்றை நாம் எழுதினால்தான் உண்டு.

முன்பு பாட்டைக் கொடுக்கும் முறையே இதில் பாதியைச் சொல்லாமல் சொல்லிவிட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கக் கேசட்டை அறிமுகப்படுத்திய பின்னர், பிடித்த பாட்டுகளை வரிசையாகப் பதிந்து நண்பருக்குக் கொடுப்பது உலகெங்கும் பரவியது. 90 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். ஒவ்வொரு பாட்டும் ஓடி முடியும்வரை அருகிலேயே இருந்து, சரியான நொடியில் பொத்தானை அழுத்தி, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமலிருக்க மீதமுள்ள நாடாவைக் கண்ணாலேயே அளந்து, உள்ளட்டையில் பாட்டுகளின் பெயர்களை நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபின் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால், யாரும் தவறிப்போய் அதன்மேல் வேறு எதையும் பதிந்துவிட முடியாது. அதைக் கையில் வாங்கியவருக்கு, கொடுத்தவர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒரு சொல்லும் இல்லாமலேயே புரிந்தது.

[காட்சி: நீல நிற வாக்மேன். அதில் ஹெட்போன் செருகுவதற்கு இரண்டு துளைகள்.]

1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தனியாகக் கேட்பதற்கென்றே உருவான கருவியில்கூட இன்னொருவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேசிக்கொள்வதற்குத் தனியாக ஒரு பொத்தானும் அதில் இருந்தது.

பிறகு பாட்டு கோப்பாக மாறியது. குறுந்தகட்டில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டுப் பதியப்படுவதால், நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 42 மெகாபைட் இடம் தேவைப்படும். பெரிய ஒலியின் நிழலில் மறைந்து நம் காதுக்கு எட்டாமல் போகும் சிறிய ஒலிகளைக் கழித்துவிடும் எம்பி3 முறை, அதே பாட்டை நான்கு மெகாபைட்டுக்குள் சுருக்கியது. அப்படியும், தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இயங்கிய மோடத்தில் ஒரு பாட்டு வந்துசேர ஒன்பது நிமிடத்துக்குக் குறையாது. 1999இல் பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர உதவிய நாப்ஸ்டர், 2005இல் யூடியூப், அதன்பின் ஸ்ட்ரீமிங் என்று வழி அகன்றுகொண்டே வந்து, இன்று அனுப்புவதற்கு ஒரு நொடிகூடத் தேவைப்படுவதில்லை. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கேசட்டில் உழைப்பின் வழியாகத் தெரிந்த அக்கறை, இணைப்பில் தெரிய வழியில்லாமல் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப நம்மிடம் இருப்பது சொற்கள்தாம்.

[காட்சி: மூளையின் பக்கவாட்டுப் படம். நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி மெல்ல ஒளிர்கிறது.]

பாட்டுக்கும் நினைவுக்கும் அப்படி என்ன நெருக்கம்? பழகிய பாட்டை அடையாளம் காண நமக்குத் தேவைப்படும் நேரம் வியக்கத்தக்க அளவு குறைவு. கரோல் கிரம்ஹான்சல் என்னும் உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த 0.4 நொடித் துணுக்குகளை மட்டும் கேட்க வைத்தார். கேட்டவர்கள் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட தடவைகளில் பாட்டின் பெயரையும் பாடியவரையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பல்லவி தொடங்குவதற்கும் முன்னால், முதல் மீட்டலிலேயே, நாம் எங்கோ போய்விடுகிறோம் என்று சொல்வது வெறும் பேச்சில்லை.

எங்கே போகிறோம் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா ஆராய்ந்தார். மாணவர்கள் சிறுவயதிலும் பதின்பருவத்திலும் இருந்தபோது வெளியான பாட்டுகளின் துணுக்குகளை அவர்களுக்குப் போட்டுக்காட்டி, அப்போது மூளையில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று படமெடுத்தார். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு பாட்டு சொந்த வாழ்க்கையின் நினைவை எழுப்பும்போது, நெற்றிக்குச் சற்றுப் பின்னால் முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக இயங்குகிறது. நம்மைப் பற்றி நாமே எண்ணும்போதும் வேலைசெய்கிற பகுதி அது. மெட்டும் நினைவும் 'நான்' என்ற உணர்வும் அங்கே ஒன்றாகக் கைகோக்கின்றன. பிடித்த பாட்டை ஒருவர் இகழ்ந்தால் நம்மையே இகழ்ந்ததுபோல் சுருக்கென்று தைப்பதற்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எல்லா வயதின் பாட்டுகளும் ஒரே ஆழத்தில் பதிவதில்லை. ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுவரை நடந்தவை பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன. பிபிசி வானொலியில் 1942 முதல் ஒலிபரப்பாகிவரும் ஒரு நிகழ்ச்சியில், ஆளில்லாத் தீவுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் எட்டு இசைப்பதிவுகளை விருந்தினர் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். அப்படித் தேர்ந்தெடுத்தவற்றை ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதி அந்த 10 முதல் 30 வயதுக் காலத்தோடு தொடர்புடையவையாக இருந்தன. எண்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்நிகழ்ச்சி நீடிப்பதற்கு, பாட்டைவிட அந்தக் காரணங்களே காரணம் என்று நம்புகிறேன்.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மேலும் நெருக்கமானது. 2013இல் கிரம்ஹான்சல் மற்றோர் ஆய்வில், இளைஞர்கள் தாங்கள் பிறப்பதற்கு முன் வந்த பாட்டுகளில், தம் பெற்றோர் இளமையாக இருந்த காலத்துப் பாட்டுகளோடு தனிப்பட்ட நெருக்கம் கொண்டிருப்பதைக் கண்டார். ஒரு வீட்டில் ஒலித்த பாட்டு, அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் சொந்தமாகிவிடுகிறது. தோழியின் பாட்டும் அவளுடைய காலத்துப் பாட்டு இல்லை. அப்பாவின் நுரை படிந்த கன்னத்திலிருந்து வந்தது.

[காட்சி: நான்கு பேர் தனித்தனியே தாளில் எழுதுகிறார்கள். பிறகு நான்கு தாள்களும் மேசையில் அருகருகே வைக்கப்படுகின்றன.]

இப்போது, நண்பர்கள் கூடி நினைவுகளைப் பகிர்வதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து ஒன்றை நினைவுகூர்ந்தால் அதிகம் நினைவுக்கு வரும் என்றுதான் எல்லாரும் எண்ணுவோம். அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்து எழுதியவற்றைப் பிறகு ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைவிட, ஒன்றாக உட்கார்ந்து நினைவுகூரும் குழுவுக்குக் கிடைப்பது குறைவு என்று 1997இல் உளவியலாளர்கள் வெல்டனும் பெலிஞ்சரும் நடத்திய சோதனைகள் காட்டின. பிற்கால ஆய்வுகளும் அதை உறுதிசெய்திருக்கின்றன. முதலில் பேசுபவர் எடுத்துக்கொடுக்கும் வரிசை, மற்றவர் தம் மனத்தில் வைத்திருந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. "அந்தப் பாட்டு என்றாலே கடைசி நாள் விழாதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால், அதே பாட்டை மழைக்கு ஒதுங்கிய ஒரு கூரைக்குக் கீழே கேட்ட இன்னொருவருடைய நினைவு வாய்க்கு வராமலே நின்றுவிடும்.

அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். யாராவது ஒரு பாட்டைச் சொன்னால், அவரவர் நினைவை முதலில் தனியாக எழுதி வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவோம். ஒரே பாட்டுக்கு ஆறு வேறு இடங்கள், ஆறு வேறு மனிதர்கள் வந்து நிற்பதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நீங்களும் ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள். ஒருவர் சொல்லும் ஆண்டு இன்னொருவர் சொல்லும் ஆண்டோடு முரண்பட்டால் அவசரமாகத் திருத்த வேண்டாம். நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்பப்படுவது, அதில் தேதிகள் எளிதில் நழுவும். ஆனால் நுரையும் கூரையும் அவ்வளவு எளிதில் நழுவுவதில்லை.

[காட்சி: இருவர் வெவ்வேறு அறைகளில் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். நடுவில் ஒரு கடிகாரம்.]

ஒரே நேரத்தில் சேர்ந்து கேட்பதும் இன்று எளிது. ஒவ்வொருவர் கருவியும் தன்னிடம் வரும் பாட்டைத் தானே ஒலிக்கிறது. 'தொடங்கு', 'நிறுத்து', 'இப்போது 1 நிமிடம் 12 நொடி' என்ற குறிப்புகள் மட்டுமே இருவருக்கும் இடையே பயணம் செய்கின்றன. சேர்ந்து பாடுவதுதான் கடினம். ஒலி காற்றில் பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 30 மில்லிநொடி எடுக்கும். அந்தத் தாமதம் கூடக் கூடத் தாளம் பிசகத் தொடங்கும். வீடியோ அழைப்புகளில் தாமதம் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு, பேச்சை மட்டும் காப்பாற்றி இரைச்சலை நீக்கும் வசதி, நீட்டிப் பாடும் சுரத்தையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். ஆகவே நண்பருக்குப் பாடிக்காட்ட விரும்பினால் தனியாகப் பதிந்து அனுப்புங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை.

கடைசியாக, இணைப்புகள் நிலைப்பதில்லை. உரிமங்கள் பெரும்பாலும் நாட்டுவாரியாகவும் குறிப்பிட்ட காலத்துக்கும் வழங்கப்படுவதால், ஓரிடத்தில் ஒலிக்கும் பாட்டு இன்னோரிடத்தில் கிடைக்காமல் போகலாம். ஒருநாள் எங்குமே கிடைக்காமலும் போகலாம். வெளியிடப்படும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு பன்னாட்டுக் குறியீடு உண்டு. அது பாட்டுக்கு உரியது என்பதைவிட, அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு உரியது என்பதே சரி. அதே பாட்டை அதே பாடகர் மேடையில் பாடி வெளியிட்டால் அதற்கு வேறு குறியீடு. நீங்கள் குறியீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாட்டின் முதல் வரி, பாடியவர், எந்தப் பதிவு என்ற மூன்றையும் இணைப்போடு எழுதி வைத்தால் போதும்.

[காட்சி: முதலில் பார்த்த அதே திரை. இணைப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. கீழே மூன்று வரிகள் அப்படியே இருக்கின்றன.]

தோழி அனுப்பிய இணைப்பு இப்போது வேலை செய்வதில்லை. சில மாதங்களுக்கு முன் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டே போய், அந்த மூன்று வரிகளைப் படித்துவிட்டு, பாட்டைத் தேடிப்பிடித்து அனுப்பினார். தோழி கேட்டுவிட்டு எழுதினாள்: "இது மேடையில் பாடிய பதிவு, அப்பா கேட்டது இல்லை. ஆனால் ரேசர் நிற்கும் இடம் இதிலும் இருக்கிறது. இரண்டாவது நிமிடம், நாற்பதாவது நொடி."