முழு வரியையும் படியுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஃபிளிண்டர்ஸ் தீவு டாஸ்மேனியப் பழங்குடிகளுக்குப் புகலிடமா, சிறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே இருக்கிறது அந்தத் தீவு. சிறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அருமையாகப் பேசினார். ஆங்கிலேயக் குடியேறிகளின் துப்பாக்கியிலிருந்து காப்பாற்றத்தான், அரசின் சார்பில் சமாதானம் பேசப்போன ராபின்சன் அந்தப் பழங்குடிகளைத் தீவுக்குக் கூட்டிப்போனார் என்றார். வீடு கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்றார். சரி. அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தது யார்? 1828-இல் ராணுவச் சட்டம் போட்டவர் ஆளுநர் ஆர்தர். 1830-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டைச் சலிக்க வைத்தவரும் அவரேதான். பிடிபட்டது இரண்டே பேர்! ஊரைக் கொளுத்தியவனே தண்ணீர்க் குடத்தோடு வந்தால் அதற்குப் பெயர் உதவியா?

அப்புறம் நண்பர் தன் துருப்புச்சீட்டை இறக்கினார். 1846-இல் அந்த மக்களே விக்டோரியா மகாராணிக்கு மனு எழுதினார்கள். அதில், "நாங்கள் சிறைபிடிக்கப்படவில்லை, நாங்களாகவே நாட்டைக் கொடுத்தோம்" என்கிறார்கள் என்றார். கைதட்டல் பலம். நானும் தட்டினேன், ஏனென்றால் வரியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எங்களைக் காத்துக்கொள்ளப் போராடிய பிறகு" என்று அது முடிகிறது. ராபின்சன் எங்களுக்காக ஆளுநர் ஆர்தரோடு ஒப்பந்தம் செய்தார், அதை நாங்கள் மறக்கவில்லை, எங்கள் பங்கை நிறைவேற்றிவிட்டோம் என்று தொடர்கிறது. ஐயா, இதை நன்றிக் கடிதம் என்கிறீர்களா? கடன் கொடுத்தவன் வட்டிக்கணக்கோடு எழுதுகிற கடிதம் இது.

மனு எதற்கு? தீவின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஜெனரெட்டை மறுபடி அனுப்பாதீர்கள் என்று கேட்பதற்கு. சட்டைப்பையில் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு சுடுவேன் என்று மிரட்டுவாராம். அவருடைய பன்றிகள் வீட்டுக்குள் புகுந்து அடுப்பில் இருக்கும் ரொட்டியைத் தின்னுமாம், மாவுப் பையைக் கவ்விக்கொண்டு ஓடுமாம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நட்ட தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அவருக்கு அடிமையாக இருக்க மறுத்ததற்காகப் பலரைச் சிறையில் போட்டார் என்றும் எழுதியிருக்கிறார்கள். நண்பர் சொன்ன புகலிடத்துக்குள் ஒரு சிறையும் இருந்திருக்கிறது, கவனித்தீர்களா?

ஜெனரெட் திரும்பி வந்தார். மனுவில் முன்நின்ற பழங்குடி மனிதர் வால்டர் ஜார்ஜ் ஆர்தரைப் (ஆளுநர் ஆர்தர் வேறு, இவர் வேறு) பிடித்து உள்ளே போட்டார். மனுவுக்கு உதவியதற்காக எங்களைத் தூக்கில் போடுவேன் என்கிறார் என்று வால்டரின் மனைவி மேரி ஆன் எழுதினார். புகார் எழுதினால் தூக்கு என்று பேசும் விருந்தோம்பல் நம் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை!

தீவுக்குக் கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ 200 பேர். 1847-இல் திரும்பக் கப்பலேறியவர்கள் 47 பேர். பெரும்பாலானோரை நோய் கொண்டுபோனது. மிஞ்சியவர்களையாவது சொந்த மண்ணில் விட்டார்களா என்றால், இல்லை. டாஸ்மேனியாவில் ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்தில், வெள்ளைக்காரக் கைதிகளுக்கே லாயக்கில்லை என்று கைவிட்ட முகாமில் இறக்கினார்கள்.

நடுவரின் கை மணிக்குப் போய்விட்டது. தீர்ப்புக்கு முன்னால் அந்த மனுவை ஒருமுறை கையில் எடுங்கள் ஐயா. நண்பர் நிறுத்திய இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.